சிப்பியிடம் தோற்ற சர்க்கார்கள்

மன்னார் வளைகுடாவின் அடியில், பாறைத்திட்டில் நாரால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடக்கும் முத்துச்சிப்பிக்குத் தலை கிடையாது. மூளை என்று மரியாதையாகச் சொல்லும்படியும் ஒன்றும் கிடையாது. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதை நிர்வாகம் செய்ய வந்த பாண்டியர், நாயக்கர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரையும் அது பொறுமையாக வழியனுப்பி வைத்துவிட்டது. தலை இருந்தவர்கள்தான் கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

சிக்கல் சிப்பியின் ஆயுளில் இருக்கிறது. நாலு வயதுக்கு முன்னால் எடுத்தால் உள்ளே கிடைக்கும் முத்தைப் பார்க்கவே கண்ணாடி வேண்டும். ஆறேழு வயதைத் தாண்டவிட்டால் கிழடு தட்டிச் செத்துப்போய், முத்தையும் கடலடி மணலில் உதிர்த்துவிடும். இடையில் உள்ள ஒன்றிரண்டு வருஷம்தான் கஜானாவுக்கு யோகம். அதுவும் நிச்சயமில்லை. மணல் நகர்ந்து மூடும். சூரன் என்கிற மட்டி கம்பளி விரித்தாற்போல மேலே படர்ந்து மூச்சை நிறுத்தும். நட்சத்திர மீன் ஓட்டைப் பிளக்கும், கிளாத்தி கொத்தும், திருக்கை கூட்டமாக வந்து ஓட்டோடு அரைத்துத் தின்றுவிட்டுப் போகும். இத்தனைக்கும் தப்பிப் பிழைத்ததைத்தான் ஒவ்வொரு அரசாங்கமும் 'நம்முடைய சொத்து' என்று கணக்கில் எழுதிக்கொண்டது.

ஆரம்பத்தில் நிர்வாகம் எளிதாகவே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்', கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்கிறது. அதாவது பாண்டியனின் மீன்வளத் துறை, சிறைத் துறையின் கிளை அலுவலகமாக இயங்கியிருக்கிறது. அந்த முத்து ரோமாபுரிக்குப் போனது. அங்கே பிளினி என்ற எழுத்தாளன், இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் காசைக் கறந்துவிடுகின்றன என்று கணக்குப் போட்டுப் புலம்பி, பழியை ரோமானியப் பெண்களின் ஆடம்பரத்தின் மேல் போட்டான். கழுத்தில் போட்டுக்கொண்டவர்கள் பெண்கள், சரி. வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்பதை அவன் எழுதவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் சுவையானது. முத்துக் குளிக்கும் வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார்களாம். அதற்கு அடுத்தபடியாக, பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இதில் நான் ரசிப்பது மந்திரத்தை அல்ல, அதன் வேலை நேரத்தை. பகலில்தான் கட்டு. சாயங்காலமானதும் மந்திரக்காரர் கட்டை அவிழ்த்துவிடுவார். ராத்திரி எவனாவது திருட்டுத்தனமாக இறங்கினால் சுறா பார்த்துக்கொள்ளட்டும் என்று! சம்பளம் இல்லை, பஞ்சப்படி இல்லை, லஞ்சம் கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது. இப்படியொரு ரோந்துப் படை அதற்குப் பின்னால் எந்த அரசாங்கத்துக்கும் வாய்க்கவில்லை.

இந்த உத்தியோகத்துக்குக் கடல்கட்டி என்று பெயர். ராஜ்யங்கள் மாறின, கடல்கட்டி மாறவில்லை. பகுத்தறிவையும் நீராவியையும் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்ட பிரிட்டிஷ் சர்க்காரே அவரைப் பரம்பரை உத்தியோகஸ்தராக வைத்துக்கொண்டது. அவர் கரையில் இல்லையென்றால் ஒரு குளியாளும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னென்ட், அப்போதைய கடல்கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்றும், அதனால் மந்திரத்தின் பவர் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை என்றும் குறித்துவைத்திருக்கிறார். சுறாவுக்கு மதபேதம் கிடையாது.

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பை மேற்பார்த்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி ஒருமுறை கடல்கட்டியை மடக்கப் பார்த்தார். உமக்குத்தான் சுறா கட்டுப்படுமே, எங்கே, ஒன்றைக் கப்பல் பக்கம் வரவழைத்துக் காட்டும் பார்க்கலாம் என்றார். முடியும்தான், ஆனால் முறையாகாது. விரட்டுவதுதான் என் வேலை, அழைப்பதல்ல என்று பதில் வந்தது. அரசு ஊழியர் ஒருவர் தன் பணிவரையறையை இத்தனை துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்ததற்கு இதற்கு முன்னும் பின்னும் சான்று இல்லை.

போர்த்துக்கீசியர் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1530களில் கடலில் நடந்த ஒரு பெரிய தகராறில், முத்துக் குளித்துவந்த பரதவர்கள் அவர்களிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும் கிடைத்தது, முத்துக்குளிப்பின் மேல் ஒரு கையும் விழுந்தது. ஒரே தவணையில் மூன்று காரியம். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்து பார்த்தபோது, ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு ஜெபம் சொல்லித்தர ஆளில்லாமல் இருந்தது. வரி வாங்க ஆள் இருந்தது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு வந்தது. இவர்கள் கணக்குப்பிள்ளைகள். குளியாள் காலைக் கொடுத்து இறங்குகிற கல்லைத்தான் அவர்கள் அளவாக வைத்தார்கள்: ஒரு கல் என்றால் ஒருவர் குளிக்கும் உரிமை. கல்லுக்கு வரி. ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இனாம் கல் உண்டு. மதுரை நாயக்கருக்குத் தொண்ணூற்றாறரைக் கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு அறுபது கல், காயல்பட்டினத்து முஸ்லிம் தலைவருக்குப் பத்துக் கல், பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்குத் தனியாக. அந்த அரைக் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர் இடுப்புவரைதான் நனைந்தாரா என்று பழைய ஏடுகள் சொல்லவில்லை.

இனாம் என்று ஒன்றை ஆரம்பித்தால் முடிவு தகராறுதான். நாயக்கர் போய், ஆற்காடு நவாப் வந்தார். எனக்கு எத்தனை கல், உனக்கு எத்தனை கல் என்று நவாபும் டச்சுக்காரர்களும் முறைத்துக்கொண்டார்கள். விளைவு, 1768க்குப் பிறகு 1796வரை சலாபமே நடக்கவில்லை. கணக்குப்படி இருபத்தேழு வருஷம் ஒரு குளியாளும் இறங்காத கடல். இன்றைக்கு ஒரு கடற்பகுதியை இத்தனை காலம் மூடிவைக்க வேண்டுமென்றால் ஐந்து ஆய்வறிக்கையும் இரண்டு மந்திரிசபைக் கூட்டமும் ஒரு பெரிய மறியலும் ஆகும். அன்றைக்கு இரண்டு பிடிவாதக்காரர்கள் போதுமாக இருந்தது. அந்த வருஷங்களில் சிப்பிகள் பிறந்தன, வளர்ந்தன, கிழடாகி நல்ல சாவு செத்தன. குட்டி போட்டதைக் கணக்கெடுக்க யாரும் வரவில்லை.

1796இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கைக் கரையைப் பிடித்த வெள்ளைக்காரர்கள் கடலை எட்டிப் பார்த்தார்கள். கீழே விளைந்து கிடந்தது. அந்த வருஷமே சலாபம். மறுவருஷம் சலாபம். அதற்கு மறுவருஷமும். 1798இல் மட்டும் 1,40,000 பவுனுக்கு மேல் வரும்படி. நவாபுக்கும் டச்சுக்காரருக்கும் இடையிலான வாய்த்தகராறுக்குக் கிடைத்த வட்டி அது என்று யாரும் நினைக்கவில்லை. தங்கள் நிர்வாகத் திறமைக்குக் கடல் கொடுத்த நற்சான்று என்றே எடுத்துக்கொண்டார்கள். நாலாவது வருஷம் வரும்படி தொப்பென்று விழுந்தது. அதற்குப் பிறகும் இலங்கை கவர்னர் ஃபிரடெரிக் நார்த், சலாபத்தை மாடியில் நின்றபடி பார்ப்பதற்கென்று அரிப்பு என்ற ஊரின் கரையில் தூண் வைத்த மாளிகை ஒன்றைக் கட்டினார். டோரிக் மாளிகை என்று பெயர். அதன் மிச்சம் மீதி இன்றும் அரிப்பில் நிற்கிறது. கடல் தினமும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. வாடகை வசூல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சலாபம் நடக்கும்போது அந்தக் கரை எப்படி இருந்திருக்கும்? ஆள் அரவமற்ற மணல்மேட்டில் சில வாரங்களுக்கு ஓலைக்கொட்டகை நகரம் ஒன்று முளைக்கும். குளியாள், கயிறு பிடிப்பவர், செட்டியார், மரக்காயர், அரபு வணிகர், சாமியார், பாம்பாட்டி, போலீஸ், டாக்டர் என்று ஆயிரக்கணக்கில் கூட்டம். ராத்திரி பீரங்கி வெடித்ததும் தோணிகள் கரைக்காற்றில் புறப்படும். விடிந்ததும் குளிப்பு. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லின்மேல் கால் வைத்து, ஐந்தாறு பாகம் ஆழத்துக்குச் சரசரவென்று இறங்கி, ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வலைப்பையில் வாரிப்போட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே இழுப்பார்கள். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இப்படி. மத்தியானக் கடல்காற்றில் தோணிகள் திரும்பும். சிப்பியைக் குவித்ததும் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூச்சை அடக்கியவருக்கு ஒரு பங்கு.

அதற்குப் பிறகுதான் நாற்றம். ஏலத்தில் எடுத்த சிப்பியைக் கொட்டு எனப்படும் வேலியடைப்புக்குள் கொட்டி ஒரு வாரம், பத்து நாள் அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, புழுவே சதையைத் தின்று தீர்க்கும். மிச்சத்தை வள்ளத்தில் கடல்நீரோடு ஊறப்போட்டு, கூலியாட்களை ஒரே பக்கமாக வரிசையாக உட்காரவைத்து அலசச் சொல்வார்கள். நிபந்தனை: வேலை முடியும்வரை கை வாய்ப்பக்கம் போகக் கூடாது. மூக்கு அரித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாராவது முத்தை விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் வாந்தி மருந்தும் பேதி மருந்தும் தயார். ராணிகளின் கழுத்துக்குப் போன முத்துகளில் சில எந்த வழியாக வந்தன என்பதை நகைக்கடைகள் விளம்பரப்படுத்தவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிப்பி சர்க்காரை ஆட்டிவைத்தது. 1837க்குப் பிறகு 1854 வரை இலங்கைக் கரையில் சலாபம் இல்லை. 1891க்குப் பிறகு மறுபடியும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் டோனன் என்ற கேப்டன் 'பார்' எனப்படும் சிப்பித் திட்டுகளை ஆராய்ந்து, குளியாட்களை இறக்கி மாதிரி எடுத்து, அழுகவைத்து, ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய் தேறும் என்று மதிப்புப் போட்டு அறிக்கை அனுப்புவார். கொழும்பில் அதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். பெரிய பார் என்ற இடம் இன்னும் மோசம். 1880க்குப் பிறகு இருபது வருஷத்துக்குள் பதினோரு முறையாவது அங்கே சிப்பிக்குஞ்சு கோடிக்கணக்கில் வந்து ஒட்டியது. பதினோரு முறையும் தென்மேற்குப் பருவக்காற்று வழித்துக்கொண்டு போனது. ஒரு முறைகூட அங்கே சலாபம் நடக்கவில்லை. அறிக்கை மட்டும் தவறாமல் போனது.

கடைசியில் விஞ்ஞானத்தை அழைத்தார்கள். லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்து இறங்கினார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல். நல்ல உழைப்பாளிகள். ஐந்து பாகம் அறிக்கை எழுதினார்கள். குஞ்சுகளை ஆபத்தான பாரிலிருந்து அள்ளிப் பத்திரமான பாரில் நடுங்கள், ஒட்டிக்கொள்ளக் கல் போடுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள் என்று உருப்படியான யோசனைகள் அவற்றில் இருந்தன. ஆனால் முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்வியில் அவர்கள் கண்டுபிடித்தது சர்க்காருக்கு வயிற்றைக் கலக்கியது. சிப்பிக்குள் புகுந்து செத்த நாடாப்புழுக் குஞ்சின் மேல் சிப்பி கட்டும் கல்லறைதான் முத்து என்றார்கள். அந்தப் புழு வளர்ந்து பெரிதாவது எங்கே? திருக்கையின் குடலில். அதாவது சிப்பியை அரைத்துத் தின்னும் திருடனை ஒழித்துவிட்டால் முத்தும் கிடைக்காது! எதிரியைக் கொல்லக் கூடாது, ஏனென்றால் அவன்தான் முதலாளி. இந்தப் புழுக் கொள்கை பிற்பாடு நிற்கவில்லை. ஆனாலும் திருக்கைக்காக ஓர் அரசாங்க அறிக்கை பரிந்து பேசியது அநேகமாக அதுவே முதல் தடவை.

பேராசிரியர் வந்த ராசியோ என்னவோ, 1903இல் சிப்பி திரும்பி வந்தது. 1904இல் சர்க்கார் பங்கு பத்து லட்சம் ரூபாயைத் தாண்டியது. 1905இல், இலங்கைக் கரையின் மரிச்சுக்கட்டியில், முன்னூறுக்கும் மேற்பட்ட தோணிகள், ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குளியாட்கள், எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. சர்க்காருக்கு மட்டும் 25 லட்சம் ரூபாய். வரலாறு காணாத சலாபம். எட்டுக் கோடியை ஒரே மூச்சில் வாரிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு எத்தனை விட்டுவைத்தோம் என்று கேட்க அன்றைக்குக் கரையில் யாருக்கும் மூக்கு திறந்திருக்கவில்லை.

லண்டன்காரர்கள் அந்த 25 லட்சத்தைப் படித்தார்கள். இலங்கை முத்துக்குளிப்போர் கம்பெனி என்று ஒன்றைப் பதிவு செய்து, 1906 முதல் இருபது வருஷத்துக்கு மொத்தக் கடலையும் குத்தகைக்கு எடுத்தார்கள். வருஷக் குத்தகை 3,10,000 ரூபாய். சிப்பி வளர்ப்புக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. காகிதத்தில் பார்த்தால் அற்புதம்: வருஷம் பத்து, பதினைந்து லட்சம் வரும், மூன்று லட்சம் கொடுத்தால் போதும். 1906இல் சிப்பி கிடைத்தது. 1907இல் கிடைத்தது. 1908இல் குளியாட்கள் இறங்கிப் பார்த்தால் பாரில் மணல்தான் இருந்தது. 1909, மணல். 1910, மணல். குத்தகைப் பணம் மட்டும் வருஷா வருஷம் விளைந்துகொண்டிருந்தது. 1912இல் கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போனார்கள். குற்றம் யாருடையது என்று வழக்கம்போல் விவாதம். அளவுக்கு மீறி வாரியதே காரணம் என்று ஒரு கட்சி, நீரோட்டமும் எதிரிகளும்தான் காரணம் என்று இன்னொரு கட்சி. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத ஒரே தரப்பு சிப்பிதான் என்பதை இரண்டு கட்சியும் கவனிக்கவில்லை.

சர்க்கார்கள் கடலைப் பார்த்துக் காத்திருந்தபோது ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் மணியை வைத்து முத்தைத் தயாரிக்கவே கற்றுக்கொண்டுவிட்டார். 1930 வாக்கில் இயற்கை முத்தின் விலை சரிந்து, சலாபத்தின் பெருமை பாதி கரைந்தது. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை சிப்பி கடைசியாக ஒரு தரிசனம் தந்தது. பிறகு வரவேயில்லை. 1973இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி அழகர்சாமி, இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக்காட்டினார். கடலில் ஒத்துழைக்காத சிப்பி ஆய்வுக்கூடத்தில்தான் வழிக்கு வந்தது.

சிப்பி போனபின் நிர்வாகம் மட்டும் மிஞ்சியது. அதை என்ன செய்வது? கொஞ்சம் தாராளமாக விரித்து எல்லா ஜீவராசிக்கும் போர்த்தினார்கள். 1983இல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது: கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு, அதற்கப்பால் விசைப்படகுக்கு. அந்த மூன்று மைல் எங்கே முடிகிறது என்று கடலில் கோடு இல்லாததால், இறால் இருக்கும் இடத்தில் முடிவதாக விசைப்படகுகள் புரிந்துகொண்டன. 1986இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளையும் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா. அறிவிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பலகையில் இன்னும் இருபத்தொன்று என்றுதான் இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் ஒரு தீவு மூழ்குவது அத்தனை சுலபமல்ல.

பிறகு வேலைவாய்ப்புக்கென்று வெளிநாட்டுப் பாசி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கப்பாஃபைகஸ் என்று பெயர். பெப்சி கம்பெனி பின்னால் நின்று வளர்க்கச் சொன்னதால் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயராகிவிட்டது. கட்டிவைத்த மிதவையிலிருந்து கழன்ற பாசி, பூங்கா எல்லையைத் தாண்டிக் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அனுமதிச் சீட்டு கேட்க வனத்துறைக்கு வழியில்லை. கையால் பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

அதே வனத்துறை, அந்தத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக உள்நாட்டுப் பாசியை முங்கி எடுத்த பெண்களைத் திருடிகளைப்போல விரட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் கூடிப் பேசி, தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டி கூடாது, வேரோடு பிடுங்கக் கூடாது, வளரும் பருவத்தில் இறங்கக் கூடாது. ஹெர்ட்மனின் ஐந்து பாகத்தில் உள்ள சாரம் இதில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அதற்காகச் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. முத்துக்குப் பேதி மருந்து கொடுத்த காலத்திலிருந்து பார்த்தால், கடலில் இறங்குகிறவரிடம் யோசனை கேட்பதற்கு நாம் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

சர்க்கார் இன்னும் நாள்காட்டியை நம்புகிறது. 2001இல் விசைப்படகுகளுக்கு 45 நாள் மீன்பிடித் தடை வந்தது. 2017 முதல் அது 61 நாள், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. இனப்பெருக்கக் காலமாம். ஜூன் 15 விடியற்காலையில் படகுகள் புறப்படும் வேகத்தைப் பார்த்தால், அந்த இரண்டு மாதமும் மீனைவிட அதிகமாகப் பெருகியது வலைதான் என்று தோன்றும். மீன்கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு மாநிலத்தில் 2000 முதல் தடை. வழக்கு டெல்லிவரை போய், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது: பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு கிழமைகளில் மட்டும், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிக்குள் சுருக்குமடி போடலாம். மார்க்கோ போலோ பார்த்த கடல்கட்டிக்கும் ஏறக்குறைய இதே வேலை நேரம்தான்; அவரிடம் சுறாவாவது இருந்தது. திங்களும் வியாழனும் எட்டு மணிக்கு முன்னால் கரைப்பக்கம் வந்துவிட வேண்டும் என்று மத்திக்கு யார் தகவல் சொல்வது என்பது உத்தரவில் இல்லை.